கொழுந்துக் கொட்டகையில் ஒரு பெற்றோர் கூட்டம்

சேரம்பாடி
12 ஜூலை 2025

நசீராவுக்கு,

நலமா என்று கேட்கப் போவதில்லை. ஊட்டியில் ஆபீஸ் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு நடக்காததை எல்லாம் நடந்ததாக எழுதுகிறவர்கள் நலமாகத்தான் இருப்பார்கள்.

நேற்று மேலிடத்திலிருந்து ஃபோன். எங்கள் பள்ளியில் பெற்றோர் கூட்டத்தைத் தேயிலைக் கொழுந்து நிறுக்கும் கொட்டகையிலேயே நடத்துகிறோமாம், ஜூலை ஒன்றாம் தேதியிலிருந்து சிறப்பாக நடக்கிறதாம், ஆகஸ்ட் இருபத்தொன்றாம் தேதி ஒரு குழு அதைப் பார்க்க வருகிறதாம். வாழ்த்து வேறு சொன்னார்கள். நான் தலைமையாசிரியர் என்பதால் நன்றி சொல்லி வைத்தேன். பிறகு அவர்கள் அனுப்பிய அறிக்கையைப் பார்த்ததும்தான் இது உன் வேலை என்று தெரிந்தது.

ஜூன் மாதம் ஊட்டியில் நீ நடத்திய பயிற்சியில் நான் என்ன சொன்னேன் என்று நினைத்துப் பார். எங்கள் பிள்ளைகளின் அம்மாக்கள் எல்லாம் எஸ்டேட்டில் கொழுந்து எடுப்பவர்கள், பள்ளிக்குக் கூட்டத்துக்கு வந்தால் அரை நாள் சம்பளம் போய்விடும், அதனால் மூன்று பேர்தான் வருவார்கள், அதிலும் ஒருவர் வழி தவறி வந்தவராக இருப்பார் என்றேன். நாம் ஏன் சாயங்காலம் அவர்கள் இலை நிறுக்கிற இடத்துக்கே போகக் கூடாது என்று கேட்டேன். கேட்டேன், அவ்வளவுதான். நீ அதை எடுத்து ‘முடிந்தவை’ என்ற கட்டத்தில் போட்டிருக்கிறாய். பிள்ளை பெறுவதற்கு முன்பே பேர் வைத்த கதை.

படம் ஒன்றையும் சேர்த்திருக்கிறாய். அது எங்கள் ஆண்டு விழாப் படம். பின்னால் ஸ்பீக்கர் பெட்டி நிற்கிறது. கொட்டகையில் எதற்கடி ஸ்பீக்கர் பெட்டி?

ஃபோன் செய்யாதே. உன் நம்பரை எடுக்கமாட்டேன். நீ பேசினால் நான் சரி சரி என்று தலையாட்டிவிடுவேன், குன்னூர்ப் பயிற்சிப் பள்ளியில் ஒரே அறையில் இருந்த காலத்திலிருந்து அதுதானே நடக்கிறது. எழுது. எழுத்தில் இருந்தால் நாளைக்கு மாற்றிச் சொல்லமாட்டாய்.

தபித்தாள்

*

காந்தல், ஊட்டி
17 ஜூலை 2025

அன்புள்ள தபி,

உன் கடிதம் வந்தபோது நான் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். பஷீர்தான் பிரித்துக் கொடுத்தார். என் முகத்தைப் பார்த்துவிட்டு அவர் கடைக்குக் கிளம்பிப் போய்விட்டார்.

தப்புதான். ஒத்துக்கொள்கிறேன். அன்றைக்கு ஐந்து மணிக்குள் ஒவ்வொரு ஆசிரியர் பயிற்றுநரும் ‘முடிந்தவை’ கட்டத்தில் ஒன்றாவது காட்ட வேண்டும் என்றார்கள். என் பொறுப்பில் பதினொரு பள்ளிகள். பதினொன்றும் திட்டத்திலேயே நிற்கின்றன. நாலே முக்கால் ஆகிவிட்டது. இருந்ததிலேயே நல்ல யோசனை உன்னுடையது. எழுதிவிட்டேன். ஸ்பீக்கர் பெட்டியை நான் கவனிக்கவில்லை, அதற்கு மட்டும் வெட்கப்படுகிறேன்.

ஆனால் என்னை மட்டும் குற்றம் சொல்லாதே. உன்னிடம் ஒரு பச்சை டைரி இருக்கிறது. பள்ளியை எப்படி மாற்றலாம் என்று பன்னிரண்டு வருடமாக அதில் எழுதிக்கொண்டே இருக்கிறாய். எல்லாமே அருமையான யோசனைகள். ஒன்றையாவது தொடங்கியிருக்கிறாயா? நான் செய்யாததைச் செய்ததாக எழுதுகிறேன். நீ செய்ய வேண்டியதைச் செய்யாமல் எழுதுகிறாய். எது பெரிய பாவம் என்று உங்கள் பாதிரியாரிடமே கேட்டுச் சொல்.

தேதிக்கு ஒரு மாதத்துக்கு மேல் இருக்கிறது. நிஜமாகவே நடத்திவிடேன் தபி. ஒரு சாயங்காலம், இருபது நிமிடம். உன்னால் முடியும் என்று எனக்குத் தெரியும், அதனால்தான் எழுதும்போது என் கை கூசவில்லை. போகும்போது வருகைத் தாளை மறக்காதே. வந்தவர்கள் எல்லாரிடமும் கையெழுத்து வாங்கிவிடு. குழு வந்தால் முதலில் கேட்பது அதைத்தான்.

கோபம் தணிந்தால் நலமா என்று ஒரு வரி கேள்.

நசீரா

*

சேரம்பாடி
24 ஜூலை 2025

நசீரா,

நலமா.

நடத்திவிட்டேன். இன்று சாயங்காலம் நாலரை மணிக்கு. நீ டைரியைப் பற்றி எழுதியது மூன்று நாள் தூங்கவிடவில்லை. உன்னைத் திட்டிக்கொண்டேதான் கிளம்பினேன்.

மழை விட்டிருந்தது. கொட்டகையில் நாற்பத்து மூன்று பெண்கள், முதுகில் கொழுந்து மூட்டையோடு. மேஸ்திரி தினகரன் தராசுப் பக்கத்தில் எனக்கு ஒரு இடம் ஒதுக்கிக் கொடுத்தார். பிள்ளைகளை ஒழுங்காக அனுப்புவது எவ்வளவு முக்கியம் என்று பதினைந்து நிமிடம் பேசினேன். மாதத்துக்கு எட்டு நாள், பத்து நாள் வராத பிள்ளைகளின் பெயரை வாசித்தேன். மூன்றாம் வகுப்பு கீர்த்தனாவின் அம்மா சரிதா தலையைக் குனிந்துகொண்டாள். மனதில் பதிந்துவிட்டது என்று எனக்கு உள்ளுக்குள் ஒரு சந்தோஷம்.

பிறகு தாளை நீட்டினேன். யாரும் ஒன்றும் கேட்கவில்லை. பத்தொன்பது பேர் கையெழுத்துப் போட்டார்கள். மற்றவர்கள் கை ஈரம் என்று சொல்லி நகர்ந்துவிட்டார்கள். பரவாயில்லை, பத்தொன்பது போதும். உன் ‘முடிந்தவை’ இப்போது நிஜமாகவே முடிந்தது.

28 ஜூலை, திங்கள்

கடிதத்தைத் தபாலில் போடாமல் வைத்திருந்தது நல்லதாகப் போயிற்று.

வெள்ளிக்கிழமை பள்ளிக்கு இருபத்திரண்டு பிள்ளைகள்தான் வந்தார்கள். மழையால் என்று நினைத்தேன். இன்று வெயில். அறுபத்தோரு பேரில் பதினான்கு பேர். காலைச் சாப்பாடு சமைக்கிற ராமாத்தாள் உப்புமாவை வைத்துக்கொண்டு வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார். ‘ஏனுங்க டீச்சர், அந்தத் தாள்ல என்னத்தை எழுதி வாங்குனீங்க?’ என்று கேட்டார். எனக்குப் புரியவில்லை. அதற்குள் அவர் சமையலறைக்குத் திரும்பிவிட்டார்.

பயமாக இருக்கிறது நசீரா. பன்னிரண்டு வருடத்தில் இப்படி நடந்ததே இல்லை.

தபி

*

காந்தல்
1 ஆகஸ்ட் 2025

தபி,

அவசரமாக எழுதுகிறேன். பிள்ளைகள் இரண்டு நாளில் வந்துவிடுவார்கள், ஏதாவது வதந்தியாக இருக்கும். நீ பதறி எதையும் செய்துவிடாதே. முக்கியமாக அந்தத் தாளைப் பத்திரமாக வை. இருபத்தொன்றாம் தேதிக்கு நம் கையில் இருப்பது அது ஒன்றுதான். குழுவில் இருப்பவர் யார் என்று விசாரித்துவிட்டேன், காகிதம் சரியாக இருந்தால் மேலே கேள்வி கேட்கமாட்டாராம்.

முடிந்தால் கொட்டகையில் ஒரு படமும் எடுத்து வை.

நசீரா

*

சேரம்பாடி
5 ஆகஸ்ட் 2025

நசீரா,

தாள் இல்லை. எரித்துவிட்டேன். உட்கார்ந்து படி.

மழைக்காக இன்று பள்ளி விடுமுறை. உன் கடிதம் நேற்று வந்தது. வராத பிள்ளைகள் எங்கே போனார்கள் என்று ஒரு வரி அதில் இருக்கும் என்று தேடினேன். இல்லை. எனக்கு உன்மேல் வந்த ஆத்திரத்தில் குடையை எடுத்துக்கொண்டு நேரே லயத்துக்கு, எஸ்டேட் ஆட்களின் வரிசை வீடுகளுக்கு, நடந்துவிட்டேன். பன்னிரண்டு வருடத்தில் லயத்துக்குள் நான் போனது நாலு முறை, நாலும் சாவு வீடு.

கொழுந்து எடுப்பவர்களில் மூத்தவர் ஆயம்மாள். அவர் வீட்டு வாசலில்தான் நின்றேன். உள்ளே கூப்பிட்டு அடுப்புப் பக்கத்தில் உட்கார வைத்தார். பால் விடாத டீ, சாயத்தண்ணி, கொடுத்தார். பிறகு சொன்னார்:

‘எங்கப்பா சிலோன்ல ஒரு பேப்பர்ல கைநாட்டு வச்சாரு டீச்சர். எதுக்குன்னு அவருக்கே தெரியாது. கொஞ்ச நாள்ல எங்களைக் கப்பல்ல ஏத்திட்டாங்க. எனக்கு அப்ப எட்டு வயசு. இப்ப லயத்தைக் காலி பண்ணச் சொல்லப் போறாங்கன்னு ஒரு பேச்சு ஓடுது. இந்த நேரத்துல நீங்க தராசுகிட்ட பேப்பரோட வந்து நிக்கிறீங்க. நாங்க என்னன்னு நெனைப்போம்?’

நான் பிள்ளைகளின் பெயரை வாசித்ததும் சேர்ந்துகொண்டது. கையெழுத்துப் போடாதவர்களுக்கு நான் பிள்ளைகள் கையிலேயே தாளைக் கொடுத்து அனுப்புவேன் என்று பேசிக்கொண்டார்களாம். அதனால்தான் அனுப்பவில்லை.

கூட்டம் நடத்தத் தெரிந்த எனக்கு இது தெரியவில்லை. தாள் கைப்பையில்தான் இருந்தது. ஆயம்மாள் கையிலேயே கொடுத்தேன். அவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு என்னிடமே தந்தார். நான் அடுப்பில் போட்டேன். அதற்குள் வாசலில் பத்துப் பன்னிரண்டு பெண்கள் சேர்ந்துவிட்டார்கள்.

அப்புறம் நான் பேசவில்லை. அவர்கள் பேசினார்கள். சரிதா பேசியதைத்தான் உனக்குச் சொல்ல வேண்டும். ஏழரை மணிக்கு அவள், வேலைக்கு ஆள் எடுக்கிற பெரட்டுக் களத்தில் பேர் கொடுத்து நிற்க வேண்டும். ஏழு மணிக்கு வீட்டைவிட்டுக் கிளம்பிவிடுவாள். எங்கள் பள்ளிக் கேட் திறப்பது எட்டேகாலுக்கு. காலையில் யானை நிற்கிற பாதை. எட்டு வயதுப் பெண்ணை வெளியே தனியாக விட முடியாது. அதனால் கீர்த்தனாவை வீட்டுக்குள் வைத்து வெளியே பூட்டிவிட்டுப் போகிறாள். பக்கத்து வீட்டுப் பெரியவர் எட்டேகாலுக்கு வந்து திறந்து, பள்ளி வரை கூட்டிவந்து விடுவார். அவருக்கு முடியாத நாட்களில் திறக்க ஆள் இல்லை. அந்தப் பெண் சாயங்காலம் வரை உள்ளேயே இருக்கும்.

அந்த நாட்களுக்கெல்லாம் நான் ஆப்சென்ட் போட்டிருக்கிறேன் நசீரா. அதைத்தான் நாற்பத்து மூன்று பேர் முன்னால் வாசித்தேன். சரிதா தலை குனிந்தது ஞாபகம் வந்தபோது எனக்கு அழுகை வந்துவிட்டது. அவளே, ‘விடுங்க டீச்சர், உங்களுக்கு எப்படித் தெரியும்’ என்றாள்.

இன்னும் ஏழெட்டு வீட்டில் இதே கதை. அவர்கள் கேட்டது ஒன்றுதான். பெரட்டுக் களத்துக்குப் போகிற வழியில்தான் பள்ளிக்கூடம். கேட்டை ஏழு மணிக்குத் திறந்துவைத்தால் கையோடு கொண்டுவந்து விட்டுவிட்டுப் போவார்கள்.

பச்சை டைரியை வந்ததும் எடுத்துப் பார்த்தேன். இருநூறு பக்கம். கேட்டைப் பற்றி ஒரு வரி இல்லை.

குழு வந்தால் நடந்ததைச் சொல்லப் போகிறேன். உனக்கு என்ன ஆகும் என்று தெரியும். மன்னித்துக்கொள். கேட்டைத் திறக்கவும் எனக்குப் பயம். எட்டேகாலுக்கு முன் ஒரு பிள்ளை விழுந்து கையை ஒடித்துக்கொண்டால் பதில் சொல்ல வேண்டியவள் நான். உதவி ஆசிரியர் வெற்றிச்செல்வன் கூடலூரிலிருந்து பஸ்ஸில் வந்து சேர ஒன்பது மணி. என்ன செய்வது என்று தெரியவில்லை.

தபி

*

காந்தல்
11 ஆகஸ்ட் 2025

என் தபி,

உன் கடிதத்தைப் படித்ததும் எனக்கு முதலில் கோபம்தான் வந்தது. ஒளிக்காமல் சொல்கிறேன். இவள் ஒரு தாளை எரித்து என் வேலையையும் எரித்துவிட்டாள் என்று நினைத்தேன். பஷீரிடம் கொடுத்தேன். அவர் முழுக்கப் படித்துவிட்டு, ‘நம்ம பையன் நௌமானை ஊட்ல ஒரு நாளாச்சும் பூட்டிட்டுப் போயிருக்கமா?’ என்று கேட்டார். எனக்கு அன்றைக்குச் சோறு இறங்கவில்லை.

வெள்ளிக்கிழமை ஆபீஸில் திருத்திய அறிக்கை கொடுத்துவிட்டேன். அந்தக் கூட்டம் ஜூலை ஒன்றில் நடக்கவில்லை, படம் வேறு நிகழ்ச்சியுடையது, தவறு என்னுடையது, பள்ளிக்குப் பங்கில்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். விளக்கம் கேட்டு மெமோ வந்திருக்கிறது. ஜனவரி வரை பயிற்சி மேடைப் பக்கம் என்னை விடமாட்டார்கள் போலிருக்கிறது. இருபத்தொன்றாம் தேதிக் குழுவும் வரப் போவதில்லை. பார்க்க ஒன்றும் இல்லாத இடத்துக்கு எதற்கு வருவார்கள்? மெமோவுக்கு இன்னும் பதில் எழுதவில்லை. ஆனால் எழுதிக் கொடுத்த அன்று நன்றாகத் தூங்கினேன்.

இப்போது கேட்.

பதினைந்து வருடமாக நான் மற்றவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தது ஒன்று உண்டு, நானே செய்து பார்க்காதது. யோசனை பயமுறுத்தினால் அதை நாளைக் காலையில் செய்யக்கூடிய அளவுக்குச் சிறியதாக்கு. பள்ளியை ஏழு மணிக்குத் திறக்கப் போவதாக நினைக்காதே. ஒரே ஒரு வகுப்பறை. ஒரு வாரம் மட்டும். வீட்டில் பூட்டப்படுகிற பிள்ளைகள் மட்டும். ராமாத்தாள் ஆறரைக்கே சமையலுக்கு வருகிறார் என்று நீ எப்போதோ சொல்லியிருக்கிறாய். அவர் ஒருவர், நீ ஒருத்தி. மேலே வாய்மொழியாகச் சொல்லி வைத்துவிடு, நானும் இங்கே பேசுகிறேன். ஒரு வாரம் முடிந்ததும் தொடர்வதா நிறுத்துவதா என்று அம்மாக்களிடமே கேள்.

கொட்டகைக்கு மறுபடி போ. இந்த முறை வெறுங்கையோடு.

நசீரா

*

சேரம்பாடி
29 ஆகஸ்ட் 2025

நசீரா,

பதினான்காம் தேதி கொட்டகைக்குப் போனேன். பேனாகூட எடுத்துப் போகவில்லை. ஆயம்மாள் கூட்டத்தைப் பார்த்து, ‘இன்னைக்கு டீச்சர் கையைப் பாத்துக்கிட்டேன், பேசலாம்’ என்றார். எல்லோரும் சிரித்துவிட்டார்கள், நானும்தான். சரிதாவைப் பெயர் சொல்லி அழைத்து, அன்றைக்கு வாசித்தது என் தப்பு என்று எல்லார் முன்னாலும் சொன்னேன்.

பதினெட்டாம் தேதி காலை ஏழு மணிக்குக் கேட்டைத் திறந்தேன். நாலு பிள்ளைகள் வந்தார்கள். மறுநாள் நாலு. புதன்கிழமை இரண்டு. எனக்கு மனசு விட்டுப் போயிற்று. உன்னைத் திட்டி ஒரு கடிதம் எழுதினேன், அனுப்பவில்லை. வியாழக்கிழமை ஒன்பது பேர். இந்த வாரம் இருபது தாண்டிவிட்டது. எதிர்பார்த்ததைவிடக் கூட்டமாக இருக்கிறதே என்று பார்த்தால் பக்கத்து எஸ்டேட்டிலிருந்தும் இரண்டு பேர்.

அந்த ஒரு மணி நேரத்துக்கு என்று பயிற்சித்தாள், கதை அட்டை எல்லாம் தயார் செய்து வைத்திருந்தேன். வந்த பிள்ளைகளில் பாதிப் பேர் என்ன செய்தார்கள் தெரியுமா? பெஞ்சில் தலை வைத்துத் தூங்கினார்கள். விடியற்காலம் ஐந்து மணிக்கே எழுப்பிவிடப்பட்ட பிள்ளைகள். முதலில் எனக்குக் கோபம். பிறகு ராமாத்தாள் பழைய போர்வை நாலு கொண்டுவந்து போட்டார். இப்போது தூங்குகிறவர்கள் ஒரு பக்கம், படிக்கிறவர்கள் ஒரு பக்கம். இதை எந்தக் கட்டத்தில் எழுதுவாய் என்று எனக்குத் தெரியவில்லை.

பள்ளிக்கு இப்போது ஐம்பத்தெட்டு பேர் வருகிறார்கள். கீர்த்தனா ஒரு நாள்கூடத் தவறவில்லை.

சொல்ல மறந்தேன், நான்கு நாளாக நனைந்ததில் எனக்குக் காய்ச்சல். இன்று உடம்பு கொதிக்கிறது. திங்கட்கிழமை எழுந்திருக்க முடியாமல் போனால் கேட் என்ன ஆகும் என்பதுதான் கவலை. ராமாத்தாள் திறந்துவிடுவார், ஆனால் அடுப்பை விட்டுவிட்டுப் பிள்ளைகளோடு நிற்க அவரால் முடியாது. வெற்றிச்செல்வன் ஊருக்குப் போயிருக்கிறார். ஒரு நாள் பூட்டியிருந்தால் அந்த அம்மாக்கள் மறுபடி நம்புவார்களா?

படுக்கப் போகிறேன். நிறுத்திக்கொள்கிறேன்.

தபி

*

காந்தல்
7 செப்டம்பர் 2025

அன்புள்ள தபி,

உன் கடிதம் வருவதற்கு முன்பே ராமாத்தாள் சிக்னல் கிடைக்கிற ரோட்டு வளைவில் ஏறி நின்று எனக்கு ஃபோன் செய்துவிட்டார். ஞாயிற்றுக்கிழமை பஸ் பிடித்து நான் வந்து சேர்ந்ததும் நீ காய்ச்சலில், ‘உன் நம்பரை நான் எடுக்கமாட்டேன்’ என்று சொன்னது உனக்கு ஞாபகம் இருக்காது. கஷாயத்தைத் துப்பியதும் ஞாபகம் இருக்காது. நல்லதுதான்.

மூன்று நாளும் நீ படுத்தே இருந்ததால் கேட்டில் நடந்ததைச் சொல்லாமல் வந்துவிட்டேன். இப்போது சொல்கிறேன்.

திங்கட்கிழமை ஆறே முக்காலுக்கு நான் அங்கே நின்றேன். எதிரில் என்ன இருக்கிறது என்று தெரியாத மூடுபனி, குடையை மீறிச் சாரல். எத்தனையோ பள்ளிகளுக்கு ஆய்வுக்குப் போயிருக்கிறேன் தபி, ஒரு கேட்டைக்கூட என் கையால் திறந்ததில்லை. தாழ்ப்பாள் துருப்பிடித்து இறுகியிருந்தது. உன்னைப்போல ஒரு எத்து எத்தினால்தான் திறக்கும் என்று ராமாத்தாள் சொல்லிக்கொடுத்தார்.

ஏழு மணிக்கு ஆட்கள் வரத் தொடங்கினார்கள். நீ இல்லாததைப் பார்த்து முதலில் வந்த இரண்டு பேர் தயங்கினார்கள். பிள்ளையின் கையை விடவில்லை. டீச்சருக்குக் காய்ச்சல், நான் அவங்க ஃப்ரெண்டு என்றேன். நம்பாமல் என் கையைப் பார்த்தார்கள். கையில் குடை மட்டும்தான் இருந்தது. உள்ளே விட்டுவிட்டுப் போனார்கள். அன்றைக்கு முப்பத்தோரு பேர். பழக்க தோஷத்தில் எண்ணிவிட்டேன், எழுதிவைக்க எந்தப் படிவமும் இல்லாதது விநோதமாக இருந்தது.

புதன்கிழமை சரிதா வந்தாள். கீர்த்தனா அவள் கையை உதறிவிட்டு உள்ளே ஓடிவிட்டது. சரிதா உடனே கிளம்பவில்லை. பெரட்டுக்கு நேரமாகிவிடாதா என்று கேட்டேன். இருக்கட்டும் என்றாள். உன் உடம்பைப் பற்றி விசாரித்தாள். பிறகு மழைக்குப் போர்த்துகிற கொங்காணியைத் தலையில் இழுத்துவிட்டுக்கொண்டு, என் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள். அவள் சொன்னதை ஒரு வார்த்தை மாற்றாமல் எழுதுகிறேன், இதில் மட்டும் என்னை நம்பு.

‘டீச்சர்கிட்டச் சொல்லிருங்க. மூணு வருசமா என் கை கொழுந்துல இருக்கும், காது லயத்துலயே கெடக்கும். இந்த ரெண்டு வாரமாத்தான் பக்கத்து நெரையில பொம்பளைங்க என்ன பேசிச் சிரிக்கிறாங்கன்னே எனக்குக் கேக்குது.’

நசீரா